பட்டு சுற்றிய குண்டு

துரைக்கண்ணு சுட்டால் காட்டுப்பன்றிக்கு ஒன்றும் ஆகாது என்பது செவிலிமேட்டில் எல்லோருக்கும் தெரியும். பன்றிகளுக்கும் தெரிந்துபோயிற்று என்றுதான் ஊரில் பேச்சு. பாலாற்றங்கரையை ஒட்டி அவனுடைய வேர்க்கடலைக் கொல்லை. பொழுது சாய்ந்தால் ஆற்றோரத்து நாணல் புதரிலிருந்து பன்றிகள் குட்டிகளோடு இறங்கி வரும். மற்றவர் கொல்லைகளில் தகரத்தைத் தட்டினாலே சிதறி ஓடுகிறவை, துரைக்கண்ணு துப்பாக்கியோடு வரப்பில் நின்றால் மட்டும் தலை நிமிராமல் தின்றுகொண்டிருக்கும்.

துப்பாக்கி என்னவோ அருமையான துப்பாக்கி. வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, மேலே ஈயக்குண்டைப் போட்டு, இரும்புக்கோலால் இடித்துக் கெட்டிக்கிற பழைய காலத்துச் சாமான். துரைக்கண்ணுவின் அப்பா முனிசாமி ஆற்காட்டில் ஒரு சாயபு வீட்டிலிருந்து வாங்கி வந்தது. அவர் போன பிறகு, பயிர்க்காவலுக்கென்று லைசென்ஸ் மகன் பேருக்கு மாறியது. லைசென்ஸ் மாறிய அளவுக்குக் குறி மாறி வரவில்லை. போன வருஷம் பன்றியைப் பார்த்துச் சுட்டதில் பக்கத்துக் கொல்லைக்காரன் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஏற்றச்சால் ஓட்டையானது. அதற்கு முந்திய வருஷம் சொந்தக் கொல்லைப் பொம்மையின் தலை பறந்தது. "பொம்மைய குறி வச்சிருந்தா பன்னி செத்திருக்கும்" என்றார்கள்.

அறுபத்தெட்டாம் வருஷம் வைகாசியில் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் ஏனாத்தூர் வீரபத்திரனின் மகள் ஏலவார்குழலி. அவள் பிறந்த வீட்டில் கொஞ்சம் நிலம், அதோடு கூலிக்குப் பட்டு நெய்ய ஒரு தறி. பாவாடை கட்டுகிற வயதிலிருந்தே தறியில் உட்கார்ந்தவள். நூல் அறுந்தால் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

ஆவணியில் ஒரு நாள் சாயங்காலம் குழலி கொல்லைக்குச் சாப்பாடு எடுத்து வந்தாள். அந்நேரம் பார்த்துப் பன்றிகளும் வந்தன. புதுப் பெண்டாட்டி பார்க்கிறாள் என்ற வேகத்தில் துரைக்கண்ணு மருந்தைக் கெட்டித்து, சுத்தியல்போல் விழுகிற குதிரையை இழுத்து வைத்து, கன்னத்தோடு கட்டையை அணைத்தான். விசையை அழுத்தினான். ஊரே அதிர்ந்தது. கொல்லை முழுக்க வெள்ளைப் புகை. புகை விலகியபோது பன்றிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு குட்டி மட்டும் தாயைப் பார்த்துவிட்டு மறுபடி மண்ணைக் கிளறியது.

துரைக்கண்ணுவுக்கு முகம் செத்துவிட்டது. அவன் கூசிக்கொண்டே திரும்பினான்.

"நீங்க எதுக்கு கண்ண மூடிக்கினீங்க?" என்று கேட்டாள் குழலி.

"யாரு, நானா?"

"ஆமா. சுடும்போது இறுக்கமா மூடிக்கினீங்களே."

இத்தனை வருஷமாக அவன் சுடுவதைப் பார்த்தவர்கள் எல்லாம் பன்றியைப் பார்த்தார்கள், இல்லாவிட்டால் காதைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் இவள் ஒருத்திதான். துரைக்கண்ணு துப்பாக்கியை வரப்பில் சாய்த்து வைத்தான். பிறகு சிரித்துவிட்டான். "அப்பன் சத்தியமா எனக்கே தெரியாதும்மா" என்றான்.

மறுநாள் அவன் துப்பாக்கியைத் துடைக்க உட்கார்ந்தபோது குழலியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மருந்துக் கரி அடை அடையாகக் குழலுக்குள் படிந்திருந்தது. வெந்நீரைக் காய்ச்சிக் கொண்டுவந்து குழலுக்குள் ஊற்றினாள். கறுப்பாகக் கொட்டியது. மறுபடி ஊற்றினாள். தண்ணீர் வெளுத்து வரும்வரை ஊற்றி, துணியால் இழுத்துத் துடைத்து, குழலின் வாயை வெயிலுக்குக் காட்டி உள்ளே பார்த்தாள்.

"இங்க பாருங்களேன். உள்ள கோடு கோடா இருக்குது. முறுக்கிக்கினு போவுது, திருகாணி மாதிரி."

துரைக்கண்ணுவும் பார்த்தான். பிறந்ததிலிருந்து வீட்டில் இருக்கிற துப்பாக்கி. அதன் வயிற்றுக்குள் புரி ஓடுகிறது என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

குழலி ஒரு ஈயக்குண்டை எடுத்துத் துப்பாக்கியின் வாயில் போட்டாள். அது கடகடவென்று உருண்டு அடியில் போய் விழுந்தது. துப்பாக்கியைச் சாய்த்தாள். அதே கடகடப்போடு வெளியே வந்தது.

"இப்டி தொளதொளன்னு கெடந்தா எங்க போவும்? இதுல முட்டி, அதுல முட்டி, கடைசில எங்க முட்டுதோ அந்தப் பக்கம் போவும். தறில பாவு நூலு தளர்ந்தா குறுக்கால ஓடற நாடா குதிக்கும். அந்தக் கதைதான்."

"அதான் மேல தேங்கா நாரு வச்சி இடிக்கிறமே."

"நாரு மேலதான இருக்குது. குண்டு சட்டை போட்டுக்கினு இல்லையே."

எழுந்து போய்த் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். கல்யாண ரவிக்கை தைத்ததில் மிச்சம் விழுந்த அரக்குநிறப் பட்டுத் துண்டுகள் சில இருந்தன. ஒன்றை வட்டமாக வெட்டி, தேன்மெழுகும் ஆமணக்கெண்ணெயும் சேர்த்துத் தடவி, குழலின் வாயில் விரித்து அதன்மேல் குண்டை வைத்து அழுத்தினாள். குண்டு உருளவில்லை. கோலால் தள்ளத் தள்ள, இறுக்கமாக, வழுக்கிக்கொண்டு, ஒரே சீராக உள்ளே இறங்கியது. துரைக்கண்ணு கையை வைத்துப் பார்த்தான். அந்த இறக்கமே ஒரு சுகமாக இருந்தது.

கொல்லைக்குப் போய் ஆற்றங்கரை மேட்டின் அடியில் ஒரு பூசணிக்காயை வைத்தார்கள். துரைக்கண்ணுவின் தாய் பட்டம்மாளும் கூடவே வந்துவிட்டாள். மகன் சுட்டான். பூசணிக்காய் அப்படியே இருந்தது.

"மூடிட்டீங்க" என்றாள் குழலி.

"தெரியுதும்மா. நான் மூடல, அதுவா மூடிக்கிது."

"நான் ஒரு வாட்டி பாக்கட்டுமா?"

துரைக்கண்ணு தாயின் முகத்தைப் பார்த்தான். பட்டம்மாள் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். "வயித்துல ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டாள்.

"இல்ல அத்த."

"அப்போ சுடு. என் புள்ள சுட்டு நான் பாத்துட்டேன், இதுக்கு மேல இன்னா இருக்குது?"

துரைக்கண்ணு குழலை ஈரத்துணியால் துடைத்து, மருந்தை அளந்து ஊற்றினான். குழலி பட்டில் குண்டைச் சுற்றிக் கெட்டித்தாள். கட்டையைத் தோளில் வைத்ததும் அவளுக்கு அது கனமாகத் தெரிந்தது. வரப்பில் முழங்காலை ஊன்றி, முன்கையை முழங்காலில் தாங்கிக்கொண்டாள். குழலின் நுனியில் இருந்த குறிமுள்ளைப் பார்த்தாள். அதற்கு அப்பால் பூசணிக்காய். மெல்ல அழுத்தினாள். குதிரை விழுந்தது. குதிரைக்கு அடியில் வைத்த கேப்பு வெடித்த சத்தமும் மருந்து வெடித்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. தோளில் யாரோ தள்ளியதுபோல இருந்தது. எதிரே ஒன்றும் தெரியவில்லை, வெறும் புகை.

புகைக்குள்ளிருந்து பட்டம்மாளின் குரல்தான் முதலில் வந்தது. "அடியாத்தே! ரெண்டா பொளந்துட்ச்சிடா!"

துரைக்கண்ணு ஓடிப்போய் இரண்டு பாதியையும் தூக்கிக்கொண்டு வந்தான். பூசணி விதை அவன் சட்டையெல்லாம் ஒட்டியிருந்தது. பட்டம்மாள் மருமகளுக்குத் திருஷ்டி கழித்தாள். அன்று இரவு அந்தப் பூசணியைத்தான் குழம்பு வைத்தார்கள்.

ஆனால் சாப்பிடும்போது துரைக்கண்ணு பூசணித் துண்டுகளை ஓரமாக ஒதுக்கி வைத்தான். குழலி அதைக் கவனித்தாள். பாத்திரம் கழுவிவிட்டு வந்து அவன் அருகில் உட்கார்ந்தாள்.

"கோவமா?"

"உன் மேல இன்னா கோவம்? என் கண்ணு மேலதான் கோவம்."

அவள் துப்பாக்கியை எடுத்து வந்தாள். மருந்து இல்லை, குண்டு இல்லை. குதிரை விழுகிற இடத்தில் ஒரு தோல் துண்டை வைத்தாள். குழலின்மேல், நுனிக்குப் பக்கத்தில், உரித்த வேர்க்கடலை ஒன்றை வைத்தாள்.

"சுவத்துல இருக்கிற அந்தப் புள்ளிய பாத்து இழுங்க. மல்லாட்ட கீழ உழக்கூடாது. உழுந்தா எனக்கு, உழலன்னா உங்களுக்கு."

அன்றைக்குக் கடலை எல்லாம் குழலியின் வயிற்றுக்குத்தான் போயிற்று. மறுநாளும் அப்படியே. ஒரு வாரத்துக்குப் பிறகு அவனுக்கு ஒன்று கிடைத்தது. அதை வாயில் போட்டு மென்றபோது அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு இது தினப்படி விளையாட்டாகிவிட்டது. பட்டம்மாள் உள்ளே படுத்துக்கொண்டு, "விதைக்கு கொஞ்சம் மிச்சம் வைங்கப்பா" என்பாள்.

துரைக்கண்ணு தாலுகா ஆபீசுக்குப் போய்த் தன் லைசென்சில் மனைவியின் பெயரையும் சேர்க்க எழுதிக் கொடுத்தான். அங்கிருந்த அதிகாரி மேலும் கீழும் பார்த்து, "உன் சம்சாரத்துக்குச் சுடத் தெரியுமாப்பா?" என்று கேட்டார்.

"என்னை விட நல்லா சுடுவா சார்."

"செவிலிமேடுதானே நீ? ஏற்றச்சால் கதை எனக்கும் வந்துது. உன்னை விடன்னா எனக்கு அது போதாதேப்பா."

ஆனாலும் விசாரித்துப் பெயரைச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

புரட்டாசி வந்தது. பெருமாளுக்கு உகந்த மாசம், வீட்டுக்குள் கறி ஏறாது, வேட்டையும் கூடாது என்று பட்டம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பன்றிகளுக்கு ஒரு மாசம் லீவு கிடைத்தது. அந்த லீவில் அவை ஒரு மூலைக் கடலையை அடியோடு காலி செய்தன. கூட்டத்துக்குத் தலைவன் ஒரு பெரிய ஆண் பன்றி. ஒரு பக்கத்துக் கோரைப்பல் முறிந்துபோயிருந்தது. ஒத்தப்பல்லன் என்று ஊரில் பெயர். காவலுக்கு நின்ற ஆளையே முட்டித் தொடையைக் கிழித்திருக்கிறது. நாய்கள் அதன் வாடை பட்டாலே வாலைச் சுருட்டிக்கொள்ளும்.

ஐப்பசி பிறந்து மழையும் பிடித்துக்கொண்டது. மழை விட்ட ஒரு விடியற்காலையில் குழலியும் துரைக்கண்ணுவும் கொல்லை வரப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். மருந்து நனையாமல் இருக்கத் துப்பாக்கியைக் கோணிக்குள் சுருட்டி வைத்திருந்தார்கள். கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. நாணல் அசைந்தது. முதலில் இரண்டு பெண் பன்றிகள், பின்னால் குட்டிகள், கடைசியாக ஒத்தப்பல்லன்.

இந்தத் துப்பாக்கியில் ஒரு தடவைதான் சுட முடியும். மறுபடி கெட்டிப்பதற்குள் பன்றி ஊர் தாண்டிவிடும், இல்லாவிட்டால் சுட்டவரைத் தாண்டிவிடும். துரைக்கண்ணு அவள் காதோடு, "பக்கவாட்டா திரும்பட்டும். முன்னங்கால் பின்னால" என்றான். குழலி மூச்சைப் பாதியில் நிறுத்தியிருந்தாள். ஒத்தப்பல்லன் மண்ணைக் கிளறியபடி மெல்லத் திரும்பியது.

அவள் சுட்டாள்.

ஈரக்காற்றில் புகை கலையவே இல்லை. தரையோடு தரையாக அப்பிக்கொண்டு நின்றது. புகைக்குள் உறுமல், குட்டிகளின் கிறீச்சிடல், செடிகள் முறிகிற சத்தம். ஏதோ ஒன்று இவர்களைப் பார்த்துப் பாய்ந்து வந்தது. துரைக்கண்ணு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பின்மேல் ஏறி அவளுக்கு முன்னால் போய் நின்றான். காலை அகட்டி, கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு நின்றான். புகையைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது ஒரு பெண் பன்றி. அவனைக் கண்டதும் மிரண்டு திரும்பி, குட்டிகளை இழுத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து ஓடியது.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு புகைக்குள் நடந்தார்கள். ஒத்தப்பல்லன் நின்ற இடத்திலேயே சாய்ந்து கிடந்தது. ஒரே குண்டு, முன்னங்காலுக்குப் பின்னால்.

குழலி கிட்டே போய்க் குனிந்தாள். "செத்துப்போச்சாங்க?" என்றாள். பெரிய உடம்பைப் பார்த்தபோது அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. கொஞ்சம் அப்படியே நின்று கும்பிட்டாள். துரைக்கண்ணு அவள் தலையில் கையை வைத்தான். "நம்மள முட்டியிருந்தா அது அழுதிருக்காதும்மா" என்றான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

நான்கு பேர் மூங்கிலில் கட்டித் தூக்கி வந்தார்கள். தெரு முழுக்கப் பங்கு போயிற்று. ஏற்றச்சால் ஓட்டையான பக்கத்துக் கொல்லைக்காரனுக்குத் தொடைக்கறியே போயிற்று. அன்றைக்குச் செவிலிமேட்டில் மிளகு அரைக்காத அம்மி இல்லை.

செய்தி பாலாற்றைத் தாண்டியது. அக்கரையில் பரசுராமன் என்று ஒருவன். சுற்று வட்டாரத்தில் துப்பாக்கி என்றால் அவன் பேர்தான். ஓடுகிற முயலைச் சுடுவான், கயிற்றில் ஆடுகிற தேங்காயைச் சுடுவான். மீசையை முறுக்கிக்கொண்டு பேசுவானே தவிர கெட்ட மனம் கிடையாது. "துரைக்கண்ணு பொண்டாட்டி பன்னி சுட்டாளாமே? பன்னி வந்து குண்டுல மோதியிருக்கும்" என்று சந்தையில் சொன்னான். அது குழலியின் காதுக்கும் வந்து சேர்ந்தது.

காணும் பொங்கலன்று அக்கரையை ஒட்டிய பாலாற்று மணலில் எப்போதும் பெருங்கூட்டம் கூடும். கட்டுச்சோறும் கரும்புமாக, சின்ன காஞ்சிபுரத்திலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அந்த வருஷம் கடலை மண்டி சீனிவாசன் ஒரு போட்டி வைத்தார். லைசென்ஸ் வைத்திருக்கிற குடியானவர்கள் குறி பார்த்துச் சுட வேண்டும். ஜெயித்தவருக்கு ஒரு கிடேரிக் கன்று. போலீஸ் அனுமதி வாங்கி, சப்-இன்ஸ்பெக்டரையே நடுவராக உட்கார வைத்திருந்தார். உயரமான கரையின் அடியில் பலகை நட்டு, தோசைக்கல் அகலத்துக்குக் கரிவட்டம் போட்டு, நடுவில் சுண்ணாம்புப் பொட்டு வைத்திருந்தார்கள். பொட்டுக்கு எது கிட்டமோ அதுவே ஜெயம்.

கன்று சிவப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. கழுத்தில் சாமந்தி மாலையைப் போட்டுவிட்டிருந்தார்கள். அது தன் மாலையைத் தானே தின்றுகொண்டிருந்தது.

குழலி துப்பாக்கியோடு முன்னால் வந்ததும் சலசலப்பு எழுந்தது. "பொம்பளயெல்லாம் எப்டி?" என்று ஒருவர் எழுந்து நின்றார். சப்-இன்ஸ்பெக்டர் லைசென்சை வாங்கிப் பார்த்தார். "பேர் இருக்குதுய்யா. பேர் இருக்கிறவங்க சுடலாம். ஆனா லைசென்ஸ்காரரும் வந்திருக்காரு. அவரு மொதல்ல ஒண்ணு சுடட்டும், அப்புறம் அந்தம்மா."

துரைக்கண்ணு பட்டில் சுற்றிய குண்டைக் கெட்டித்துக்கொண்டான். அவன் மணலில் கிழித்திருந்த கோட்டில் வந்து நின்றதும் கூட்டம் ஆரவாரித்தது. "கன்னுக்குட்டிய அப்பால புடிச்சிக்கினு போங்கப்பா!" என்று யாரோ கத்தினார்கள். இன்னொருவன் குடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மணலில் படுத்தான். சப்-இன்ஸ்பெக்டரே நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

துரைக்கண்ணு குழலியைத் திரும்பிப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. "வீட்ல சுட்ட மாதிரிதான்" என்றாள்.

அவன் கன்னத்தைக் கட்டையில் வைத்தான். குறிமுள் தெரிந்தது. பலகை தெரிந்தது. அழுத்தினான். குதிரை விழுவதைப் பார்த்தான், நெருப்புத் துளி தெறிப்பதைப் பார்த்தான், புகை கிளம்புவதைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் தன் துப்பாக்கி வெடிப்பதை அவன் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை. "எவ்ளோ அழகா இருக்குது!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டான்.

பலகையருகே நின்ற ஆள் கொடியைத் தூக்கினான். வட்டத்தில் இல்லை. ஆனால் பலகையின் மேல் மூலையில் ஓர் ஓட்டை. ஒரு கணம் கூட்டத்துக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு எழும்பிய கூச்சலில் கரையோரத்துக் கொக்குகள் எல்லாம் பறந்துபோயின. குடத்தைக் கவிழ்த்துப் படுத்திருந்தவன் எழுந்து ஓடிவந்து துரைக்கண்ணுவைத் தூக்கிக்கொண்டான். ஜெயிக்கிறவனுக்குக்கூட அன்றைக்கு அவ்வளவு கைதட்டல் கிடைக்கப்போவதில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. குழலி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள்.

பிறகு அவள் சுட்டாள். வட்டத்துக்குள், பொட்டுக்கு இடப்பக்கம். மற்றவர்கள் சுட்டார்கள். பலருக்குப் பலகை, சிலருக்குக் கரை மண். கடைசியாகப் பரசுராமன் வந்தான். சுட்டான். வட்டத்துக்குள், பொட்டுக்கு வலப்பக்கம். சப்-இன்ஸ்பெக்டர் நூல் பிடித்து அளந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இரண்டும் ஒரே தூரம். இருவரும் மறுபடி சுட வேண்டும்.

இடைவேளையில் பரசுராமன் குழலி அருகில் வந்து நின்றான். அவள் குண்டைச் சுற்றுவதையே பார்த்தான்.

"இன்னா தங்கச்சி அது, துணியா?"

துரைக்கண்ணு குறுக்கே வந்து, "அதெல்லாம் அப்பால பேசிக்கலாம் மச்சான்" என்றான்.

குழலி கொஞ்சம் யோசித்தாள். "பட்டுண்ணா. மெழுகு தடவினது. குண்டு ஆடாம போவும்" என்று சொல்லி ஒரு துண்டை நீட்டினாள்.

துரைக்கண்ணு அவள் காதில் சீறினான். "உனக்கு பைத்தியமா? இன்னும் ஒரே வெடிதான்."

"துணியால ஜெயிச்சா துணிதான ஜெயிச்சுது? நான் எங்க ஜெயிச்சேன்?"

பரசுராமனின் துப்பாக்கி வாய் சற்று அகலம். ஒற்றைத் துணியில் குண்டு தளர்ந்தே கிடந்தது. குழலியே துணியை இரட்டையாக மடித்து வைத்துக் கொடுத்தாள். அவன் கோலால் இறக்கினான். இறுக்கமாக, சீராக இறங்கியது. அவன் கண்கள் அகன்றன. "ஐயோ, எத்தினி வருஷமா நாரு அடச்சிக்கினு கெடந்தேன்!" என்றான்.

சுட்டான். கொடி எழுந்தது. பொட்டின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு ஓட்டை. அவன் ஆயுசில் அப்படி ஒரு குறி அடித்ததில்லை. துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கி மணலில் ஒரு சுற்று ஆடினான். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி காந்தா, "இன்னும் அவங்க சுடலய்யா, ஆடாத!" என்று கத்தினாள்.

துரைக்கண்ணு நெற்றியில் அடித்துக்கொண்டான். பட்டம்மாள் காமாட்சியம்மனுக்கு ஏதோ வேண்டிக்கொண்டிருந்தாள்.

குழலி கோட்டில் முழங்காலிட்டாள். ஆற்றுக்காற்று பக்கத்திலிருந்து வீசியது. கரையிலிருந்த நாணல் பூ சாய்வதைப் பார்த்தாள். காற்று ஓயும்வரை காத்தாள். கூட்டம் பொறுமை இழந்தது. யாரோ விசில் அடித்தார்கள். அவள் அசையவில்லை. நாணல் நிமிர்ந்தது. அப்போது அழுத்தினாள்.

புகை கலைந்தது. பலகையருகே நின்றவன் கொடியைத் தூக்க மறந்து பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து நடந்தே போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"பொட்டு எங்கய்யா? பொட்டையே காணோம்!"

சுண்ணாம்புப் பொட்டு இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

முதலில் ஓடிவந்தது பரசுராமன். "தங்கச்சி! பன்னி வந்து மோதுச்சின்னு சொன்னனே, அந்த வாய கழுவிக்கிறேன்" என்று வாய்க்கால் தண்ணீரை அள்ளி உண்மையாகவே கொப்பளித்துத் துப்பினான். குழலிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பட்டம்மாள் முன்பின் தெரியாதவர்களையெல்லாம் பிடித்து நிறுத்தி, "என் மருமவ. நான்தான் சுடச் சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதே மூச்சில், "மூலைல இருக்குது பாருங்க ஓட்ட, அது என் புள்ளது" என்றாள்.

பொழுது இறங்குகிற நேரத்தில் கன்றை ஓட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஆற்றின் நடுவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. கன்று அதுவரை வந்து நின்றது. தண்ணீரை முகர்ந்தது. பிறகு ஈர மணலில் மடங்கி உட்கார்ந்துவிட்டது. இழுத்தார்கள், வரவில்லை. கரும்புச் சோகையைக் காட்டினார்கள், தின்றுவிட்டு மறுபடி உட்கார்ந்தது. வழியனுப்பப் பின்னாலேயே வந்த பரசுராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முட்டுக்கொடுத்துத் தள்ளினான். கன்று எழுந்து ஒரு உதை விட்டது. அவன் தண்ணீரில் மல்லாந்து விழுந்தான்.

காந்தா கரையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் குழலியிடம் வந்தாள்.

"ஏம்மா, அடுத்த வாரம் நான் உங்க வீட்டுக்கு வரட்டுமா? எனக்கும் அத சுடணும்போல இருக்குது."

தண்ணீரில் கிடந்த பரசுராமன் தலையைத் தூக்கினான். "ஏய், அது என் துப்பாக்கிடி!"

"உன்துதான், யாரு இல்லன்னா? நீ கெட்டிச்சி குடு, நான் சுடறேன்."

துரைக்கண்ணு சிரித்துக்கொண்டே குனிந்து கன்றின் நான்கு கால்களையும் சேர்த்துப் பிடித்தான். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். கன்று அவன் காதை நக்கியது. துப்பாக்கி நனையாமல் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி குழலி பின்னால் நடந்தாள். நடு ஆற்றில் அவன் நின்று, "குழலி, நான் சுட்டப்போ நெருப்பு எப்டி வந்துது பாத்தியா?" என்று கேட்டான்.

"பாக்கலியே."

"ஏன்?"

"உங்க கண்ணதான் பாத்துக்கினு இருந்தேன்."